பட்டியலில் இல்லாத குழந்தை

தட்டம்மை எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது என்பதை அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்பு வைரஸின் மரபணுவில் 450 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படிக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் அந்த வலையமைப்பில் உண்டு. ஆனால் இந்தக் கருவி மழுங்கிவருகிறது. இதுவரை 24 மரபு வகைகள் அறியப்பட்டிருந்தாலும், இன்று உலகெங்கும் பெரும்பாலும் சுற்றுவது பி3, டி8 இரண்டும்தான். மற்றவற்றைத் தடுப்பூசி ஒடுக்கிவிட்டது. வெற்றி கொடுத்த தலைவலி இது. எல்லா ஊரிலும் ஒரே முகம் என்றால் ஆய்வகம் மட்டும் என்ன செய்யும்? தடிப்பு தோன்றுவதற்கு முந்தைய 7 முதல் 21 நாட்களில் குழந்தை எங்கே இருந்தது என்று வீட்டு வாசலில் நின்று கேட்டாக வேண்டும். கேட்பவர் கிராம சுகாதார செவிலியர். அவர் கையிலுள்ள பட்டியலில் அந்தக் குழந்தையே இல்லாவிட்டால் உலக வலையமைப்பும் அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி, வெளியூர்த் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளில் இந்தச் சிக்கல் கண்கூடு. தடுப்பூசி அட்டவணைப்படி முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். பிகாரில் முதல் ஊசி போட்ட குழந்தைக்கு அடுத்த ஊசியின் நாள் வரும்போது, அப்பாவின் கட்டட வேலைக்காகக் குடும்பமே இங்கே வந்திருக்கலாம். அங்குள்ள பதிவேட்டில் ‘வெளியூர்’, இங்கே பெயரே இல்லை. ‘தடுப்பூசியைப் பதிவுசெய்ய யூ-வின் செயலி இருக்கிறதே’ என்பார்கள். பதிவான குழந்தையை அது எங்கிருந்தாலும் காட்டும். பதிவாகாத குழந்தையை யாராவது கதவைத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தடுப்பூசி நன்றாகவே நடக்கிறது, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடிய நோய் இது. 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும். மாநிலச் சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு தெருவின் ஓட்டையை அது அடைக்காது. 2019இல் தட்டம்மையை ஒழித்ததாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் அது மீண்டும் பரவியது. 2025 நவம்பரில் கனடா அந்தத் தகுதியையே இழந்தது. அப்படியானால் லைன் வீடுகளுக்கு வரும் வடக்கத்தியர்தான் நோயைக் கொண்டுவருகிறார்களா? இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மறுத்தவர்களில் உள்ளூர்ப் பெற்றோரும் உண்டு. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு மருத்துவரிடம் வாய் திறக்காததும் நம் வழக்கம்தான். வேப்பிலை இருக்கட்டும், செவிலியருக்கும் அன்றே ஒரு போன் போகட்டும். லைன் வீட்டு உரிமையாளரின் வாடகை நோட்டில் எந்த அறைக்கு யார் குடிவந்தார்கள் என்பது இருக்கும். ஆதார் கேட்காமல், போலீஸை இழுக்காமல், மாதம் ஒருமுறை செவிலியர் அதைத் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டால், புதிதாக வந்த குழந்தையின் பெயர் அந்த மாதமே ஏறிவிடும்.