கண் தெரிந்தால் போதும், ஆள் தெரிய வேண்டாம்

மெய்நிகர் உலகுக்கு மென்பொருள் எழுதுபவர்களின் மேசையில், டேப் ஒட்டிய ஹெட்செட்டைப் பார்க்கலாம். பல ஹெட்செட்டுகளில் இரண்டு லென்ஸுக்கும் நடுவே ஒரு சென்சார் உண்டு. எதிரே ஏதாவது வந்தால் கருவி விழிக்கும், விலகினால் உறங்கிவிடும். சோதனைக்காக நாள் முழுக்க மாட்டிக் கழற்றிச் சலித்தவர்கள், அந்தச் சென்சாரின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். தன்னை யாரோ அணிந்திருப்பதாக நம்பி கருவியும் விழித்தே கிடக்கும். டேப்புக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாத அறிவு அது. பையில் வைத்த கருவி, துணி பட்டுத் தானாக விழித்து, எடுக்கும்போது பேட்டரி காலியாக இருப்பதும் இதனால்தான்.

இப்படி ஏமாறக்கூடிய காவலாளியை நம்பி வீட்டு விளக்கு அத்தனையையும் யார் போடுவார்கள்? அதனால் மின்சாரம் தின்னும் வேலைகள் கடைசிவரை காத்திருக்கின்றன. அணிந்த பிறகுதான் திரை ஒளிர வேண்டும், வெளிக் கேமராக்கள் அறையை அடையாளம் காண வேண்டும், லென்ஸ்கள் கண்களுக்கு நேராக நகர வேண்டும். பெரியவர்களின் இரு கண்பாவைகளுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். இத்தனையும் முடியும்வரை நாம் இருட்டில் நிற்கிறோம். வெளிக் கேமரா பார்த்த காட்சியை 12 மில்லி நொடியில் திரைக்குக் கொண்டுவருவதாக ஆப்பிள் தன் விஷன் ப்ரோவைப் பற்றிப் பெருமைப்படுகிறது. உள்ளே மில்லி நொடிக்கு மல்லுக்கட்டும் துறை, வாசலில் நொடிகளை அள்ளி இறைக்கிறது. சட்டைப் பையிலிருந்து எடுத்த மறுகணம் விழிக்கும் கைபேசியோடு போட்டியிட வேண்டிய கருவிக்கு இது சின்னக் குறையல்ல.

கண்ணைக் கண்டறிவது இங்கேதான் உதவும். விலை கூடிய ஹெட்செட்டுகளில் லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகளும் சிறு கேமராக்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழியின் ஈரப்பரப்பில் பட்டுச் சிறு புள்ளிகளாக மின்னும், நடுவே கண்பாவை தனித்துத் தெரியும். பைத் துணியிலோ டேப்பிலோ இந்த மினுக்கம் கிடையாது. கருவியைக் கையில் எடுத்ததை அசைவுச் சென்சார் சொன்னதும் ஒரேயொரு கண் கேமரா, குறைந்த துல்லியத்தில், சில படங்கள் எடுத்தால் போதும். கண் என்று உறுதியானதும் எல்லா வேலைகளையும் ஒன்றாகத் தொடங்கிவிடலாம். உலையை வைத்துவிட்டு அரிசி களைவது போலத்தான்: பட்டையை இறுக்கி முடிப்பதற்குள் அறை தயாராகியிருக்கும்.

எனக்கு உறுத்துவது அடுத்த படி. அதே கேமராவும் அதே ஒளியும் கருவிழியின் வரிகளையும் படிக்கக்கூடியவை. 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்த விஷன் ப்ரோ, கருவிழியைப் பார்த்துத்தான் பூட்டைத் திறக்கிறது. கண்ணைப் பார்த்ததும் பார்த்தோம், ஆளையும் அப்போதே அடையாளம் கண்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் என்ற ஆசை பொறியாளருக்கு வருவது இயல்பு. அந்த ஆசைக்கு அணை போட வேண்டும் என்பேன். ஆதாருக்காக இரு கருவிழிகளையும் பதிந்த நமக்குத் தெரியும், கடவுச்சொல்லைப் போல அதை மாற்றிக்கொள்ள முடியாது.

கருவிழிப் பதிவு கருவிக்குள்ளேயே, மறையாக்கத்தோடு இருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் 2024இல் ஆய்வாளர்கள் வேறு வழியைக் காட்டினார்கள். வீடியோ அழைப்பில் தோன்றும் பயனரின் மெய்நிகர் உருவத்தின் கண் அசைவை வைத்தே, அவர் பார்வையால் எந்த எழுத்துகளைத் தட்டுகிறார் என்று ஊகித்துவிட்டார்கள். கேஸ்ப்ளாய்ட் என்று பெயரிடப்பட்ட அந்த ஓட்டையை நிறுவனம் பிறகு அடைத்தது. கருவிழிப் பதிவை யாரும் தொடவில்லை. கண் போன போக்கே கதையைச் சொல்லிவிட்டது.

இன்னொன்று. விஷன் ப்ரோவை விருந்தாளிக்குக் கொடுத்தால் அவர் கண்ணையும் கையையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுக்க வேண்டியிருந்தது. 2024இன் மென்பொருள் புதுப்பிப்பு, கடைசி விருந்தாளியின் அளவுகளை 30 நாள் நினைவில் வைக்க வழி செய்தது. வசதிதான். ஆனால் இங்கே மிச்சமாகும் நேரத்துக்கு விலை, உடலின் விவரம்.

முதல் கட்டத்தில் கேமரா ‘கண் உண்டு’, ‘இல்லை’ என்பதைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடாது. படம் அப்போதே அழிய வேண்டும். ஆள் யார் என்ற கேள்வி, பூட்டிய ஒன்றைத் திறக்கும்போது எழட்டும். கண் தெரியவில்லை என்பதற்காகக் கருவி அடம்பிடிக்கவும் கூடாது. செயற்கைக் கண் பொருத்தியவரும், இமை தாழ்ந்தவரும், மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பால் கண் மறைக்கப்பட்டவரும் கொஞ்சம் மெதுவாகவேனும் உள்ளே போக முடிய வேண்டும்.

அப்படியொரு ஹெட்செட் வந்தால் டேப் வித்தை பலிக்காது. மென்பொருள்காரர்கள் பொம்மைக் கண் வாங்கி லென்ஸுக்கு எதிரே ஒட்டிப் பார்ப்பார்கள். அதைக் கண்டு கருவி விழித்துக்கொண்டால் போகட்டும், கொஞ்சம் பேட்டரிதான் நட்டம். பூட்டும் திறந்துகொண்டால்தான் எனக்குத் தூக்கம் போகும்.