ரகசிய முத்திரையும் ஒரு போதகரின் கதியும்

போதகர் ரேமண்ட் கோ கடத்தப்பட்டதை ஆராய்ந்த சிறப்புப் பணிக்குழுவின் அறிக்கையை அரசாங்க ரகசியமாக்கிப் பூட்டி வைத்த முடிவு, இந்நாட்டின் பாதுகாப்பு நிர்வாகம் அண்மை ஆண்டுகளில் எடுத்த முடிவுகளிலேயே மிக மோசமானது. 2025 நவம்பர் 5-ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி சூ தியாங் ஜூ அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அந்த முடிவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு வாதமும் மிஞ்சவில்லை. போதகர் காணாமல் போனதற்குக் காவல்துறையும் அரசாங்கமும் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடத்தப்பட்ட நாள் முதல், அவர் இருக்கும் இடம் தெரியவரும் நாள்வரை, நாளொன்றுக்கு 10,000 ரிங்கிட் இழப்பீடு என்று கணக்கிட்டது. தீர்ப்பு நாளில் அந்தத் தொகை 31 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது.

நடந்தது வாசகர்களுக்குத் தெரிந்ததே. 2017 பிப்ரவரி 13-ஆம் நாள் காலை, பெட்டாலிங் ஜெயாவில் குடியிருப்புச் சாலை ஒன்றில், 62 வயதுப் போதகரின் காரைப் பல வாகனங்கள் முன்னும் பின்னும் மறித்தன. கறுப்பு உடையணிந்த ஆட்கள் இறங்கினார்கள். அவரையும் அவருடைய காரையும் கொண்டுபோனார்கள். அருகிலிருந்த வீட்டின் சிசிடிவியில் எல்லாமே பதிவாகியிருந்தன. கொஞ்சமும் தடுமாற்றம் இல்லாமல், பழகிய வேலையைச் செய்வதுபோல் நடந்தது அது. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு, 2016 நவம்பர் 24-ஆம் நாள் இரவு, பெர்லிஸில் அம்ரி சே மாட் இதே முறையில் கொண்டுபோகப்பட்டிருந்தார். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இரண்டையும் பொது விசாரணையில் ஆராய்ந்தது. இரண்டுமே காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமானின் சிறப்புப் பிரிவு நடத்திய கட்டாயக் காணாமலாக்கல் என்று 2019 ஏப்ரல் 3-ஆம் நாள் அறிவித்தது. ஒருவர் கிறிஸ்தவப் போதகர். மற்றவர் ஷியா போதனைகளைப் பரப்புவதாகச் சந்தேகிக்கப்பட்ட முஸ்லிம். நம்பிக்கை எதுவானாலும், அதிகாரத்துக்குப் பிடிக்காதபோது ஒரே விதமாக நடத்தப்பட்டிருக்கிறது.

சுஹாகாமின் விசாரணை திறந்த அறையில் நடந்தது. சாட்சிகள் பேசினார்கள், பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். அந்த முடிவைச் சரிபார்க்கவென்று 2019 ஜூன் மாதம் சிறப்புப் பணிக்குழு அமைக்கப்பட்டது. காவல்துறையோடு தொடர்புள்ளவர்கள் அதில் இடம்பெற்றதைக் குடும்பத்தார் அப்போதே எதிர்த்தார்கள். குழு தன் வேலையை முடித்தது, அறிக்கையும் தந்தது. அந்த அறிக்கைதான் ரகசியமாக்கப்பட்டது. திறந்த விசாரணையில் வெளிவந்த உண்மையை மூடிய அறையில் சோதித்துவிட்டு, சோதனையின் முடிவையும் மூடி வைத்தார்கள். கணவர் எங்கே என்று கேட்ட போதகரின் மனைவி சூசன்னா லியூ, கணவரைப் பற்றி அரசாங்கமே எழுதிய தாள்களுக்காகப் பிறகு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

1972-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் இந்த முடிவின் கனம் புரியும். அமைச்சர் ஓர் அதிகாரியை நியமிக்கிறார். அந்த அதிகாரி ஒரு கோப்பின்மேல் முத்திரை குத்தினால் அது ரகசியம். அது ரகசியம்தான் என்று சான்றிதழ் கொடுத்தால், அந்தச் சான்றிதழை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் காரணம் கொண்டும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்தின் 16ஏ பிரிவு சொல்கிறது. ரகசியத்தை வெளியிட்டவருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயம் என்றானது 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதாவது, குற்றம் சாட்டப்பட்ட அமைப்பு எந்த அமைச்சின் கீழ் இருக்கிறதோ, அந்த அமைச்சின் மேசையிலேயே சாட்சியத்தை மறைக்கும் முத்திரையும் இருக்கிறது. கோப்புக்குள் இருப்பது எதிரி நாட்டின் உளவாளி பற்றியதா, சொந்தக் காவலர்களின் குற்றம் பற்றியதா என்று கேட்கும் கடமை அந்த முத்திரைக்குக் கிடையாது.

ரகசியச் சட்டமே கூடாது என்று எந்தப் பொறுப்புள்ள குடிமகனும் சொல்ல மாட்டார். கப்பற்படையின் நடமாட்டம், எல்லைக் காவல், பயங்கரவாதக் குழுக்களுக்குள் ஊடுருவியிருப்பவர்களின் பெயர்கள் இவையெல்லாம் மறைக்கப்பட வேண்டியவைதான். ஒரு போதகர் பட்டப்பகலில் எப்படி மறைந்தார் என்ற விவரத்தை வெளியிட்டால் எந்த எல்லை உடையும்? எந்தப் படை பலவீனமாகும்? அந்த அறிக்கை வெளிவருவதால் ஆபத்து நேரக்கூடியவர்கள், கடத்தலைச் செய்தவர்களும் அவர்களைக் காத்தவர்களும்தான். தனி மனிதர்களின் பாதுகாப்பை நாட்டின் பாதுகாப்பு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

தொடக்கத்திலிருந்தே இந்த விவகாரம் கையாளப்பட்ட விதம் இதற்குப் பொருத்தமாகவே இருந்தது. புகார் கொடுக்கச் சென்ற மனைவியிடம், கடத்தியவர்களைப் பற்றிக் கேட்டதைவிட, கணவர் மதம் பரப்பினாரா என்றே பல மணி நேரம் கேட்டார்கள். காணாமல் போனவரே விசாரணைக்கு உரியவரானார். 2018 ஜனவரியில் ஒருவர்மேல் கடத்தல் வழக்குப் போடப்பட்டது. அதனால் சுஹாகாமின் விசாரணை இடையில் நிறுத்தப்பட்டு, பிறகுதான் தொடர முடிந்தது. 2016 நவம்பர் இறுதியிலிருந்து காணாமல் போன ஜோஷுவா ஹில்மி, ரூத் சித்தேப்பு என்ற கிறிஸ்தவத் தம்பதியைப் பற்றியோ இன்றும் ஒரு துப்பும் இல்லை.

பேராக் மக்களுக்கு இந்தப் பாதுகாப்புப் பேச்சு புதிதன்று. அது பிறந்ததே இங்குதான். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் வந்தது. விசாரணையின்றி அடைக்கும் அதிகாரமும் கூடவே வந்தது. தோட்டத் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. லயன் வீடுகளில் பால்மரத் தொழிலாளர்களின் வாய் அடைக்கப்பட்டது. அவசரகாலம் 1960-இல் முடிந்தபோது, அந்த அதிகாரம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக நிரந்தரமானது. அந்தச் சட்டத்தின் முகவரியாக இருந்த கமுந்திங் தடுப்பு முகாமும் பேராக்கில், தைப்பிங் பக்கத்தில்தான் இருந்தது. 2007 டிசம்பரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவரை அங்கே கொண்டுபோய் அடைத்தபோதும் நாட்டின் பாதுகாப்பு என்றுதான் காரணம் சொன்னார்கள்.

கம்யூனிஸ்டுகளுக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் வேத புத்தகத்தின்மேலும் பாய்ந்தது. 1982-இல் மலாய் மொழி வேதாகமமான அல்கித்தாப் அதே சட்டத்தின் கீழ்த் தடை செய்யப்பட்டது. தேவாலயத்துக்குள் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தலாம் என்று ஒரு விலக்கு மட்டும் கொடுத்தார்கள். 1987 லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்ட காலத்தில், கிறிஸ்தவரான மலாய்க்காரர் ஜமாலுடின் ஒத்மானும் அடைக்கப்பட்டார். ஆறு மலாய்க்காரர்களை மதம் மாற்றினார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. அது நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் ஆகாது என்று 1989-இல் உச்சநீதிமன்றம் தீர்க்கமாகச் சொன்னது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஓர் உயர்நீதிமன்றம் இன்னொரு கிறிஸ்தவரின் பொருட்டு அரசாங்கத்தைக் கண்டிக்க நேர்ந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் உள்துறை அமைச்சு கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

2011-ஆம் ஆண்டு போர்ட் கிள்ளானிலும் கூச்சிங்கிலும் தடுத்து வைக்கப்பட்ட 35,000 மலாய் வேதாகமங்களின் கதையும் இதே ரகம். விடுவிப்பதாகச் சொன்னபோது, போர்ட் கிள்ளானில் இருந்த பிரதிகளில் அமைச்சின் முத்திரையும் வரிசை எண்ணும், கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் குத்தப்பட்டிருந்தன. ஒரு சமுதாயம் புனிதமாக மதிக்கும் நூலைக் காவல் நிலையப் பறிமுதல் பொருள்போல எண் போட்டு நடத்தினார்கள். 2008-இல் விமான நிலையத்தில் சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்திடமிருந்து எட்டு குறுந்தட்டுகள் பறிக்கப்பட்டன. அந்தப் பறிமுதலுக்கு அடிப்படையான, கிறிஸ்தவ வெளியீடுகளில் ‘அல்லாஹ்’ என்ற சொல்லுக்கு விதித்த 1986-ஆம் ஆண்டுத் தடை உத்தரவு செல்லாது என்ற தீர்ப்பு 2021-இல்தான் வந்தது. அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை அரசாங்கம் கைவிட இன்னும் இரண்டாண்டு பிடித்தது. எட்டு குறுந்தட்டுகளுக்குப் பதினைந்து ஆண்டுகள்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதத்தைத் தமிழில் படிக்கிறார்கள், ஆகவே இது தங்களைத் தொடாது என்று நினைப்பது பிழை. 2006 நவம்பர் 5-ஆம் நாள் ஈப்போ சிலிபின் லூர்து மாதா ஆலயத்தில் இந்தியப் பிள்ளைகள் புதுநன்மை வாங்கினார்கள். அங்கே முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறப்போவதாகக் குறுஞ்செய்தியில் பரவிய ஒரு பொய், ஆலயத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கானோரைத் திரட்டிவிட்டது. பிள்ளைகளின் வாழ்வில் ஒருமுறை வரும் அந்தப் பூசை காவலர்களின் வேலிக்குள் நடந்தது. அன்று காவலர்கள் கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு பூசையையே மிரட்டலாகப் பார்க்கும் மனநிலையை வளர்த்தது, வேதாகமத்தைப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்த பழைய முடிவுகள்தாம்.

இதே ஈப்போவில்தான் இந்திரா காந்தி என்ற தாய் தன் மகளுக்காகக் காத்திருக்கிறார். 2009-இல் மதம் மாறிய தந்தை பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிச் சென்றார். ஈப்போ உயர்நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. சிவில், ஷரியா என்ற இரண்டு நீதிமன்றங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று காவல்துறை கையை விரித்தது. 2016-இல் கூட்டரசு நீதிமன்றமே அந்தத் தந்தையைக் கைது செய்ய உத்தரவிட்டது. 2018-இல் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. மகள் வரவில்லை. போதகரைத் தூக்கிச் சென்றவர்களுக்கு இருந்த துல்லியமும் வேகமும், ஒரு தாயின் கண்ணீருக்கு ஏன் கிடைக்கவில்லை?

கிறிஸ்தவ சபைகள் அதிகாரத்துக்கு எதிரானவை என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் கிடையாது. பாகான் செராய் சூசைபாளையத்தில் 1880-களில் வேரூன்றிய தமிழ்க் கத்தோலிக்கர் முதல், பால்மரத் தோட்டங்களில் சிறு ஜெபக்கூடங்கள் எழுப்பிய மெதடிஸ்ட், லூத்தரன் குடும்பங்கள்வரை, பேரரசருக்காகவும் சுல்தானுக்காகவும் அமைச்சர்களுக்காகவும் மன்றாடுவது அவர்களுடைய வழிபாட்டின் பகுதி. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை இந்தச் சபைகள் மனதார ஏற்கின்றன. அதே அதிகாரம், ஆளுகிறவர் நன்மை செய்கிறவர்களுக்குப் பயமாக இருக்கக்கூடாது என்ற பொருளையும் சுமந்திருக்கிறது.

அமெரிக்காவில் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் நாட்டின் பாதுகாப்பையும் மத உரிமையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சில் அரசியலும் கலந்திருக்கிறது. ஆயினும் ஒரு நிகழ்ச்சி கவனிக்கத்தக்கது. மரபுவழிக் கத்தோலிக்கர் சிலரைத் தீவிரவாதத்தோடு இணைத்து எஃப்.பி.ஐ.யின் ரிச்மண்ட் அலுவலகம் தயாரித்த உள்குறிப்பு 2023 பிப்ரவரியில் கசிந்தது. எஃப்.பி.ஐ. அதைத் திரும்பப் பெற்றது. காங்கிரஸ் குழு ஆவணங்களைக் கேட்டு ஆணை அனுப்பியது, இயக்குநரையே பொதுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. அங்கே வெறும் குறிப்பு, யாரும் கடத்தப்படவில்லை. இங்கே மனிதரே போய்விட்டார். இருந்தும் நம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு அந்தக் கோப்பு வரவில்லை. 2020 மார்ச்சில் வாஷிங்டனில் சூசன்னா லியூவுக்கு அனைத்துலக வீரப் பெண்மணி விருது கொடுத்தார்கள். அந்நிய நாடு அவரை மதித்த அதே காலத்தில் சொந்த நாடு அவரைக் காக்க வைத்தது. இது மலேசியாவுக்குத் தலைகுனிவு. அமெரிக்கா வந்து இதைத் தீர்க்க வேண்டும் என்று இங்குள்ள சபைகள் கேட்கவில்லை. உயிருக்கும் விடுதலைக்கும் உறுதி தரும் ஐந்தாவது விதியும், சமயச் சுதந்திரம் தரும் பதினொன்றாவது விதியும் கூட்டரசு அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. அவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

முத்திரை குத்தும் அதிகாரத்துக்கு வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பு வேண்டும். காவல்துறையின் குற்றத்தைக் காவல்துறையே விசாரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பணிக்குழுவின் அறிக்கை முழுதாகப் பொதுமக்கள் கைக்கு வர வேண்டும். இழப்பீட்டுத் தொகை அரசாங்கக் கருவூலத்திலிருந்து, அதாவது வரி கட்டுகிறவர்களின் பணத்திலிருந்துதான் போகும். கடத்தியவர்களின் பையிலிருந்து ஒரு சென்னும் போகாது. ஆகவே யார் உத்தரவிட்டார், யார் மறைத்தார் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு வரி செலுத்துநருக்கும் உண்டு. பேராக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் 24 உறுப்பினர்களும் இந்தக் கேள்வியை அவையில் எழுப்பக் கடமைப்பட்டவர்கள். வாக்கு கேட்டு அவர்கள் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, கேட்டீர்களா என்று வாசகர்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்.