வெட்கப்படுத்தாத கரம்



2004ஆம் ஆண்டு மார்கழி மாதத்தின் இறுதி நாட்களை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. ஆழிப்பேரலை நம் தீவில் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட அந்நாட்களில், குருமட மாணவனாக இருந்த நான் வடபகுதிக் கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலையில் அமைந்த முகாமில் பணியாற்றினேன். ஒருநாள் வெளியிடத்திலிருந்து நிவாரணக் குழுவொன்று வந்தது. பதாகை கட்டப்பட்டது. மக்கள் வரிசையில் நிறுத்தப்பட்டனர். புகைப்படக் கருவியொன்று என் கையில் தரப்பட்டது. வரிசையில் நின்ற தாயொருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். “அம்மா, இஞ்ச பாருங்கோ” என்றேன். அவர் மெல்லிய குரலில், “பிரதர், அரிசியைத் தாங்கோ, வாங்கிறன். என்ரை முகத்தை மட்டும் விட்டுடுங்கோ” என்றார்.

எனினும் படம் எடுக்கப்பட்டது. எடுத்தவன் நான்.

ஆண்டுகள் பல கடந்தும் அந்தக் குரல் என் செவியை விட்டு அகலவில்லை. அக்குரலுக்கான விளக்கத்தை நான் பின்னாளில் கண்டது, நம் மூத்த சகோதரராகிய யூத மக்களின் அறநெறியிலேயாகும். யூதர் என்றதும் இன்று நம்மில் பலருக்கு மத்திய கிழக்கின் போரும் அரசியலும் நினைவுக்கு வரலாம். அது இயல்பே. ஆயினும் ஓர் அரசின் செயல் வேறு; ஒரு மக்கள் கூட்டம் பல நூற்றாண்டுகளாகப் பேணிவந்த இறைப்பற்றும் ஈகையும் வேறு. அம்மக்களோடு நமக்குள்ள ஆன்மீக உறவை 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நமக்கு நினைவூட்டியது. ஆகவே அவர்களிடமிருந்து கற்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

முதலாவதாக, ஈகையைக் குறிக்க யூதர் வழங்கும் சொல்லைக் கவனிப்போம். ‘செதாக்கா’ என்னும் அந்த எபிரேயச் சொல் நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஏழைக்குக் கொடுப்பது இரக்கத்தின் மிகுதியால் நாம் செய்யும் உபகாரம் அன்று. அவருக்கு உரியதை அவரிடம் சேர்ப்பதே என்பது இதன் உட்பொருள். வயலின் ஓரத்துக் கதிரை அறுக்காமல் விட்டுவிடுமாறு லேவியர் நூல் உரிமையாளருக்குக் கட்டளையிடுகிறது. விடப்பட்ட கதிர் ஏழைக்கும் அந்நியருக்கும் உரிமையாகிறது. மோவாபியப் பெண்ணாகிய ரூத்து போவாசின் வயலில் பொறுக்கிய கதிர்களும் இத்தகையனவே.

இரண்டாவதாக, கொடுக்கும் முறை. எருசலேம் ஆலயத்தில் ‘மறைவின் அறை’ என ஓர் அறை இருந்ததாக மிஷ்னா கூறுகிறது. இறையச்சமுடையோர் அங்கே மறைவாகக் காணிக்கை வைப்பர். நல்ல நிலையிலிருந்து வறுமைக்குத் தள்ளப்பட்டோர் மறைவாக அதிலிருந்து உதவி பெறுவர். கொடுத்தவர் யார் எனப் பெற்றவர் அறியார்; பெற்றவர் யார் எனக் கொடுத்தவரும் அறியார். தர்மம் செய்கையில் எக்காளம் ஊத வேண்டாம் என்றும், வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்றும் ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில் போதித்தபோது, தம் மக்களின் மரபில் இருந்த இந்த மிகச் சிறந்த பண்பையே அவர் உயர்த்திப் பிடித்தார். எக்காளம் ஊதுவது யூதரின் குறை என்று எண்ணிக்கொண்டு அந்தப் பகுதியை நாம் வாசித்துவிடுகிறோம். நம் கையிலுள்ள பதாகையும் புகைப்படக் கருவியும் எக்காளங்கள் அல்லவா?

“உதவி செய்தோருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா? படமின்றி எவர் நம்புவார்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கும் அம்மரபில் விடை உண்டு. பழைய யூதச் சமூகங்களில் வாரந்தோறும் ஏழைகளுக்குப் பணம் வழங்கும் பொதுநிதி ஒன்றும், நாள்தோறும் உணவளிக்கும் ஏற்பாடு ஒன்றும் இருந்தன. பொதுநிதியைத் தனியொருவர் சேகரிக்க இயலாது. இருவர் இணைந்தே சேகரிக்க வேண்டும். பகிர்ந்தளிக்க மூவர் வேண்டும். ஏனெனில் எவருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது தீர்ப்பு வழங்குவதற்கு ஒப்பானது. இங்கே சான்று கேட்கப்படுவது பணத்தைக் கையாளுவோரிடம். நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். பெற்றவரின் முகத்தைப் பலரறியக் காட்டுகிறோம். வரவு செலவை மறைத்து வைக்கிறோம். திறந்திருக்க வேண்டியது கணக்கேடு. மூடியிருக்க வேண்டியது வறியவரின் துயரம்.

மூன்றாவதாக, ஈகையின் எல்லை. தம்முடைய ஏழைகளோடு பிற இனத்து ஏழைகளையும் சமாதானத்தின் பொருட்டுப் பராமரிக்க வேண்டும் என்பது தல்மூத் தரும் போதனை. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1914ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், ஒட்டோமன் பேரரசுக்கான அமெரிக்கத் தூதுவராயிருந்த ஹென்றி மோர்கெந்தோ, பாலஸ்தீனத்தில் பட்டினியை எதிர்நோக்கிய யூதருக்காக 50,000 டொலர் வேண்டி நியூயோர்க்குக்குத் தந்தி அனுப்பினார். அவ்வாண்டிலேயே அமெரிக்க யூதரின் கூட்டுப் பகிர்வுக் குழு உருவானது. வைதிகர், சீர்திருத்தக் கொள்கையினர், பின்னர் தொழிலாளர் எனக் கருத்தால் வேறுபட்டோர் தனித்தனியே நிதி திரட்டினர். ஆனால் ஒன்றாகவே பகிர்ந்தளித்தனர். தம் உறவுகளுக்காகத் தொடங்கிய அக்குழு, காலப்போக்கில் பிறர் துயரிலும் பங்கேற்றது. 2004இல் ஆழிப்பேரலை தாக்கிய நாடுகளுக்கு, நம் இலங்கை உட்பட, அக்குழுவும் ஏனைய யூதத் தொண்டு நிறுவனங்களும் உதவின. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அவ்வாறே.

2013ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டைக் கொடும் புயல் சிதைத்தபோது அவர்கள் அனுப்பிய உதவியில் நன்றியின் மணமும் கலந்திருந்தது. நாசிக் கொடுமைக்கு அஞ்சி ஓடிய யூதருக்குப் பல நாடுகள் கதவடைத்த காலத்தில், கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டின் தலைவர் மனுவெல் கெசோன் 1,200க்கும் மேற்பட்டோருக்கு அடைக்கலம் அளித்தார். கொடுத்ததை மறந்துவிடுவது கொடையாளியின் அழகு. பெற்றதை மறவாதிருப்பது பெற்றவரின் அழகு.

இந்த அழகு நம் திருச்சபையின் பிறப்போடும் கலந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிலவுதியு பேரரசரின் காலத்துப் பஞ்சத்தின்போது அந்தியோக்கியாவின் சீடர்கள் தத்தம் ஆற்றலுக்கேற்பத் திரட்டிய உதவியைப் பர்னபா, சவுல் ஆகிய இருவர் வழியாக யூதேயாவுக்கு அனுப்பினார்கள். திருச்சபை செய்த முதல் பேரிடர் நிவாரணம் என்று இதனைச் சொல்லலாம். அக்காலத்துப் பஞ்சத்தில்தான், யூத சமயத்தைத் தழுவியிருந்த அதியாபேன் நாட்டு அரசி ஹெலேனா அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்பிரசிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கி எருசலேமின் பசி தீர்த்தார் என வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். ஒரே நகரின் பசிக்கு யூத அரசியும் கிறிஸ்தவச் சீடரும் உணவளித்தனர்.

அந்த அந்தியோக்கியாவே இன்று துருக்கியிலுள்ள அந்தாக்கியா. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் நிலநடுக்கம் அதனைச் சிதைத்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கு நிலைத்திருந்த சிறு யூதச் சமூகத்தின் தலைவரும் அவர் துணைவியாரும் இடிபாடுகளில் உயிர்நீத்தனர். அன்று கொடுத்த நகரம் இன்று பெறும் நகரமாயிற்று. யூதத் தொண்டு நிறுவனங்களும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களும் துருக்கி மக்களுக்கு உதவின. அம்மக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். கொடுப்பவர் என்றும் பெறுபவர் என்றும் மனிதரை நிரந்தரமாகப் பிரித்துவிட முடியாது. நம் கரையோர மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இறுதியாக, பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் வகுத்த எட்டுப் படிகளை எண்ணிப் பாருங்கள். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. இருவரும் ஒருவரையொருவர் அறியாது கொடுப்பது இரண்டாம் படி. அதனிலும் உயர்ந்த முதற்படி, கடனோ தொழிலோ தந்து, அல்லது வணிகத்தில் கூட்டாகச் சேர்த்து, ஒருவர் மீண்டும் கையேந்தாதவாறு நிமிர்ந்து நிற்கச் செய்வது. அரிசிப் பொதி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பழுதுபார்த்துக் கொடுத்த வள்ளமும் வலையும் ஒரு குடும்பத்தைக் கடலுக்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கும் திருப்பி அனுப்பும். தர்மத்தால் வாழும் ஏழையும் தர்மம் செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது தல்மூத். கொடுக்கும் பெருமையைக்கூட ஏழையிடமிருந்து பறித்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை ஆண்டவர் போற்றியதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

அன்பான பெற்றோரே, தோபித்து தம் மகன் தோபியாவுக்கு விட்டுச்சென்ற அறிவுரையை, அந்நூலின் 4ஆம் அதிகாரத்தை, இவ்வாரம் ஓரிரவு குடும்பச் செபத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். மிகுதியாக இருப்பின் மிகுதியாகவும், குறைவாக இருப்பின் அக்குறைவிலிருந்தும் கொடுக்குமாறு அத்தந்தை கற்பிக்கிறார். பின்னர் வீட்டில் ஓர் உண்டியலை வையுங்கள். அதில் எவர் எவ்வளவு இட்டார் என்று எவரும் கேளாதிருக்கட்டும். அது நிறைந்ததும் பங்கின் வின்சென்ட் டி போல் சபையினரிடமோ, தேவையிலிருக்கும் அயலவரிடமோ ஓசையின்றிச் சேர்ப்பியுங்கள். அந்த அயலவர் எம்மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். அடுத்த வெள்ளம் வருமுன்னரே, பங்குச் சபைகளில் இருவர் சேகரிக்க, மூவர் பகிர, கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் வெளியிடப்படும் என்று முடிவு செய்யுங்கள். முகாமின் வாசலில் புகைப்படக் கருவியை இறக்கி வையுங்கள்.

அன்று முகம் மறைத்த அந்தத் தாயை நான் மீண்டும் கண்டதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய்ப்புக் கிட்டவில்லை. பசியுற்றோரில் தம்மையே காணுமாறு பணித்த ஆண்டவர், அன்று அந்த வரிசையில் முகத்தை மறைத்து நின்றார் என்றே நம்புகிறேன். அவர் மீண்டும் நம் முன்னே கை நீட்டும்போது, அவரை வெட்கப்படுத்தாத கரங்களை அவரே நமக்கு அருள்வாராக!