முதற்பதிப்பா, மறுபதிப்பா?

மொனராகலைத் தோட்டப் பள்ளியொன்றின் நூலகத்திற்குப் பழந்தமிழ் நூல்கள் வாங்க வேண்டும். கையிலுள்ள பணமோ சிறிது. அரிய முதற்பதிப்பு ஒன்றை வாங்குவதா, அத்தொகைக்கு மறுபதிப்புகள் பலவற்றை வாங்குவதா? மறுபதிப்புகளையே வாங்குக என்பேன்.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதனோடு அவர் அமையவில்லை. மேலும் ஆராய்ந்து திருத்தி 1907இலும் 1922இலும் மீண்டும் வெளியிட்டார். முதற்பதிப்பைப் போற்றுவோர், அப்பெரியாரே அதனைத் திருத்தியதை மறத்தலாகாது. கற்கும் மாணவனுக்கு வேண்டுவது திருந்திய பாடமே. ஆதலின், எப்பதிப்பின் மறு அச்சு என்பதைப் பார்த்து வாங்குதல் நன்று.

அங்ஙனமாயின் முதற்பதிப்பு வீண்பொருளா? அன்று. பாடம் எவ்வாறு திருந்திற்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதன் இடம் செல்வர் வீட்டுக் கண்ணாடி அலுமாரி அன்று. ஆய்வாளர் எவரும் அணுகத்தக்க பெருநூலகம். அங்கும் ஒரே படி இருத்தல் போதாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. படிகள் பலவாய்ப் பரவியிருந்த நூல்களை வேறிடங்களில் தேடிப் பெறலாம். ஒற்றைப் படியாய் இருந்தவற்றை எங்கே தேடுவது?

முதற்பதிப்பைக் காப்போம், மறுபதிப்பைக் கற்போம். தோட்டத்துப் பிள்ளைகளின் விரல் பட்டுத் தேய்வதே நூலுக்குப் பெருமை.