மறைத்து வாங்கும் மாத்திரை

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தவறாமல் மருந்து உட்கொள்ளும் ஆண்களுள் பலர், ஒரு குறையை மட்டும் மருத்துவரிடம் கூறுவதில்லை. குயிலாப்பாளையம் போன்ற சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். ஆகவே, அந்தக் குறைக்கான மாத்திரையைப் புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ அறிமுகமில்லாத கடையில் வாங்கி, வீட்டிலும் சொல்லாமல் உட்கொள்வோர் உண்டு. மருந்தைக் காட்டிலும் இம்மறைப்பே ஆபத்தானது என்பது எம் கருத்து.

இக்குறைக்கு நாம் இட்ட பெயரே தயக்கத்தை வளர்க்கிறது. ‘ஆண்மைக் குறைவு’ என்றவுடன் அது ஒருவரின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பாகி விடுகிறது. உண்மையில் இது விறைப்புக் குறைபாடு. பெரும்பாலும் இரத்த ஓட்டத்தைச் சார்ந்தது. ஆணுறுப்புக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. எனவே நீரிழிவும் புகையிலையும் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, நெஞ்சுவலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இக்குறை தலைகாட்டக்கூடும். அதை மறைப்பவர், இதயம் அனுப்பிய முன்னறிவிப்பையும் மறைத்து விடுகிறார்.

சில்டெனாஃபில் என்னும் மருந்து முதலில் நெஞ்சுவலிக்காகவே ஆராயப்பட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் வயாக்ரா என்னும் பெயரில் விறைப்புக் குறைபாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. இது இரத்தக் குழாய்களை விரிக்கும். நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் முதலிய நைட்ரேட் மருந்துகளும் அவ்வாறே விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே கேடு நேரலாம். நைட்ரேட் உட்கொள்வோர் இம்மருந்தைத் தொடவே கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை உட்கொள்வோர்க்கு மருத்துவர் குறைந்த அளவிலேயே தொடங்குவார். இவற்றையெல்லாம் அறிமுகமில்லாத கடைக்காரர் எவ்வாறு அறிவார்?

மருந்தைத் தெரிவு செய்வதும் ஆளுக்கு ஆள் மாறும். சில்டெனாஃபிலை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவு அதன் வேலையைத் தாமதப்படுத்தும். பயன் நான்கு மணி நேரம் அளவில் நிற்கும். டடலாஃபிலின் பயன் 36 மணி நேரம் வரை நீடிக்கலாம். எதுவாயினும் ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் கூடாது. மதுவோடு சேர்த்தல் தகாது. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரெனப் பார்வையோ செவிப்புலனோ மங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வருக. மாத்திரை உட்கொண்டபின் நெஞ்சு வலித்தால் 108-ஐ அழைத்து, வருபவரிடம் முதலில் இதைக் கூறுக.

‘பக்கவிளைவே இல்லாத லேகியம்’ என்பதை நம்பி ஏமாறுவோரும் உளர். இத்தகைய ‘இயற்கை’ மருந்துகளில் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. பாலுறவுத் திறனைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. விளம்பரம் செய்தே விற்பவரின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்க.

மருத்துவப் பணியாளர்க்கும் இதில் கடமை உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் வீடு தேடி வருகின்றன, பெரும் நன்மை. ஆயினும் மாத்திரையைக் கொணரும் மகளிர் தன்னார்வலரிடம் வாசலில் நின்று இக்குறையைக் கூற எந்த ஆணுக்கும் நா எழாது. ஆகவே நோயாளி நேரில் வரும்போது, அவர் கூறட்டும் எனக் காத்திராமல் மருத்துவரே தனிமையில் கேட்டல் வேண்டும்.

இல்லத்தரசியரும் துணை நிற்கலாம். கணவரின் விலகலை வெறுப்பென்று கருதாமல், அடுத்த பரிசோதனைக்கு உடன் வருக. நோயாளி செய்ய வேண்டியது சிறிது: வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் இட்டுக் கொணர்ந்து மருத்துவர் முன் வைக்க வேண்டும், மறைத்து வாங்கிய அட்டையும் அப்பையில் இருத்தல் வேண்டும்.