செவ்வாய்க்கிழமை சைக்கிள்காரர்கள்

நாமக்கல் பக்கம் வந்து 'பைக் கடை எங்கே?' என்று கேட்டால், மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குத்தான் வழி காட்டுவார்கள். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். சக்கரம் கூடக் கூட மரியாதையும் கூடும். மிதித்து ஓட்டுகிற இரண்டு சக்கரத்துக்கு வரிசையில் கடைசி இடம்தான். நான் சொல்லப்போவது அந்தக் கடைசி இடத்தில் இருக்கிற ஒரு சைக்கிள் கடையைப் பற்றி.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சேலம் - நாமக்கல் சாலையை ஒட்டிய கடை. ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்கள் பஞ்சருக்காகக் கவிழ்ந்து கிடக்கும். இன்னொரு பக்கம் லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் கொக்கியில் தொங்கும். வேலை செய்பவர்கள் மூன்று பேர். அறுபதைத் தொடப்போகும் பெரிய மெக்கானிக். கடையில் எல்லோருக்கும் அவர் 'மாமா'. லாரி பட்டறையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த 23 வயதுத் தம்பி. பில் போடும் பி.காம். தங்கச்சி.

என் பழைய சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றப் போனபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெர்ஸியும் ஹெல்மெட்டுமாக ஏற்காடு ஏறுகிறார்களே, அவர்களுடைய சைக்கிளையெல்லாம் தயார் செய்து அனுப்புகிற இந்த மூவரும் ஒரு ஞாயிறுகூட அவர்களோடு போனதில்லை. கடைக்குக் கூட்டம் வருவதே அன்றைக்குத்தான். வார லீவு செவ்வாய்க்கிழமை.

"அதனால என்னங்க்கா, நாங்க செவ்வாய்க்கிழமை ஓட்டுறோம்" என்றான் தம்பி.

ஓட்டுகிறார்கள், விளையாட்டுக்கு இல்லை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து ஏறும்போது 20தான். காலை ஐந்துக்குக் கிளம்பினால் ரோட்டில் மரவள்ளிக்கிழங்கு லாரிகளும் முட்டை வண்டிகளும்தான் துணை.

ஒரு செவ்வாய் நானும் போனேன். எத்தனையாவது வளைவில் இறங்கித் தள்ளினேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள். (ஒற்றை இலக்கம்.) மாமா அவருடைய கறுப்பு சைக்கிளில், கியர் இல்லாமல், பாதி தூரம் ஏறி ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இதுக்கு மேல மலை இல்ல கண்ணு. நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

அந்தப் பாதி தூரத்தின் அருமை ஒரு கணக்குப் போட்டால் புரியும். எங்கள் வீட்டில் இருக்கும் அப்பாவின் சைக்கிளில் பல்லை எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றி, ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதளத்தில் அது சுகம். மலையில் அதுவே தண்டனை, ஒவ்வொரு மிதிக்கும் ஐந்து மீட்டர் ஏற்றத்தைத் தூக்க வேண்டும். கியர் சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று போட்டுக்கொண்டால், ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான். மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

இறக்கத்தைப் பற்றி மாமாவுக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. "ஏறும்போது யாரும் கை, கால் ஒடிச்சுக்கிட்டு வந்ததில்ல கண்ணு, இறங்கும்போதுதான்." பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வதும், அவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவதும் நானே பார்த்தது.

மாமா பதின்மூன்று வயதில் வாடகை சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். மட்கார்டில் பெயின்டில் எழுதிய நம்பர், மணிக்கணக்கு நோட்டு, குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பையன்கள் தாமதமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓடியது எல்லாம் அவருக்கு நேற்று நடந்தது போல. வீட்டுக்கு வீடு மொபெட் வந்ததும், பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததும் வாடகைக் கடையை முடித்துவிட்டது என்பார். வருத்தமாகச் சொல்ல மாட்டார். பில் போடும் தங்கச்சி பிளஸ் ஒன்னில் அப்படி வாங்கிய சைக்கிளில்தான் இன்றைக்கும் தினமும் பதினோரு கிலோமீட்டர் மிதித்து வேலைக்கு வருகிறாள். அதற்கு கோட்டம் எடுத்துத் தருவதும் அவர்தான்.

இனி தம்பியின் கதை.

அவனுடைய சைக்கிள் கடையில் விற்கிற எதுவும் இல்லை. ஃபிரேம் செகண்ட் ஹேண்ட். சக்கரம் ஒரு வாடிக்கையாளர் கழித்துப் போட்டது. கியர் இன்னொருவருடையது. இப்படி ஒரு வருடமாகச் சேர்த்துப் பூட்டியது. அந்த சைக்கிளில் ஒரு 200 கிலோமீட்டர் 'பிரவே' முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

பிரவே என்பது பந்தயம் இல்லை. பிரான்ஸில் பிறந்த வழக்கம். இங்கே ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் என்ற அமைப்பின் கீழ் நடக்கிறது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் சோதனை இடங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூடும் நேரம் உண்டு. பின்னாலேயே கார் வைத்துக்கொண்டு உதவி வாங்கக் கூடாது. முதலில் வருகிறவருக்குப் பரிசு கிடையாது. ஆனால் ஒரு நிமிடம் பிந்தினாலும் கணக்கில் சேராது.

அது நடப்பதோ ஞாயிற்றுக்கிழமை. முதலாளியிடம் லீவு கேட்க மூன்று மாதம் தயங்கியிருக்கிறான். கடைசியில் தங்கச்சிதான் கேட்டு வாங்கிக் கொடுத்தாள், அன்றைக்கு அவனுடைய பஞ்சர் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி.

சேலத்தில் காலை 6 மணிக்குக் கிளம்பி, நாமக்கல், பரமத்தி வேலூர், காவிரிப் பாலம் தாண்டி கரூர் பக்கம் போய்த் திரும்புகிற வழி. இரவு ஏழரைக்குள் வந்துவிட வேண்டும். தம்பிக்கு அது கஷ்டமே இல்லை. ஆனால் புதுச்சத்திரம் பக்கத்தில் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றார். கடை வாடிக்கையாளர். ஹைவே ஓரத்தில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி ஆணியோ முள்ளோ இல்லை, வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி. டயரில் அது இருப்பது கண்ணுக்கே தெரியாது. டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். அவரிடம் மாற்று டியூப் இருந்தது, மாற்றத் தெரியவில்லை. தம்பி இறங்கி, டயரின் உள்பக்கம் விரலால் தடவித் தடவி அந்தக் கம்பியைத் தேடி எடுத்தான். இருபது நிமிடம்.

திரும்பும்போது பாலம் தாண்டி இன்னொருவர், செயின் அறுந்து. இவரிடம் இரண்டு வாரம் முன்புதான் அளவுக் கருவியை வைத்துக் காட்டி, "செயின் தேஞ்சு நீண்டுருச்சுங்க, மாத்திரலாம்" என்று தம்பி சொல்லியிருந்தான். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று போனவர். தன் பையிலிருந்த குயிக் லிங்கைப் போட்டு ஓட வைத்தான். இருபத்தைந்து நிமிடம். அவருடைய கார்பன் சைக்கிள் முன்னால் பறந்துவிட்டது.

இதற்குப் பிறகும் நேரம் இருந்தது. நாமக்கல் கோட்டைப் பாறையைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. சர்வீஸ் ரோட்டில் ஒரு பெரியவர், பால் கேன் கட்டிய பழைய சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். பிரவேக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

"செயின் ஃப்ரீவீலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல சிக்கிக்கிச்சுங்க்கா. எடுக்க ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு" என்றான்.

"அப்புறம்?"

"எந்த ஊரு, யாரு வீட்டுப் பையன்னு கேட்டாருங்க. பேச்சுல பத்து நிமிஷம் போயிருச்சு."

சேலம் வந்து சேர்ந்தபோது மணி 7.41. பதினொரு நிமிடம் பிந்திவிட்டான்.

கடையில் இதைப் பற்றி நடந்த சண்டையைத்தான் நான் எழுத நினைத்தேன். மாமாவுக்குப் பயங்கரக் கோபம். "கடையில இருக்கறப்போ நீ மெக்கானிக். ரோட்டுல அவனும் ஓட்டுறவன், நீயும் ஓட்டுறவன். அவனுக்கு ஒரு ஞாயிறுன்னா உனக்கும் ஒரு ஞாயிறுதானே? அவனவன் பஞ்சர் ஒட்டக் கத்துக்கட்டும்." தங்கச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பாத்துட்டு எப்படி மாமா போறது? நீங்க போயிருவீங்களா?" மாமா பதில் சொல்லாமல் ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் மாமா பக்கம்தான். பால்காரப் பெரியவருக்காக நின்றது வேறு. பல்லாயிரம் ரூபாய்க்கு சைக்கிள் வாங்கி, டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளாமல் நூறு கிலோமீட்டர் கிளம்புகிறோமே, அந்தத் தைரியம் 'வழியில் யாராவது வருவார்கள்' என்பதில் இருந்து வருவது. வருகிற அந்த யாரோ ஒருவருக்கும் அன்றைக்கு ஏதோ ஒன்று முக்கியமாக இருந்திருக்கலாம். எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் சைக்கிளில் பம்ப்பே கிடையாது. இப்போது வாங்கிவிட்டேன், மாமா முன்னால் உட்கார்ந்து மூன்று முறை டியூப் கழற்றி மாட்டினேன். முதல் தடவை நாற்பது நிமிடம் ஆனது.

இந்த மாதிரி ஆட்களைச் சரித்திரமும் ஓரமாகத்தான் நிறுத்தியிருக்கிறது. ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியும். அவர்கள் விமானப் பரிசோதனைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள 1901-ல் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்கை வேலைக்கு வைத்தார்கள். 1903-ல் பறந்த விமானத்தின் இன்ஜினை ஆறு வாரத்தில் செய்து கொடுத்தவர் அவர்தான். இதை நான் சொன்னபோது தம்பி கேட்ட ஒரே கேள்வி: "அவரு பறந்தாரா, கடையிலேயேதான் இருந்தாரா?" முதல் நாள் பறந்தது அண்ணன் தம்பி இருவரும்தான் என்றேன். "அதானே" என்று சிரித்தான்.

செயின் அறுந்தவர் புதன்கிழமை கடைக்கு வந்தார். அவர் நேரத்துக்குள் முடித்துவிட்டார். புதுச் செயின் மாட்டச் சொன்னார், கொஞ்சம் குறைத்துப் போடக் கூடாதா என்றும் கேட்டார். மாமா பில் புத்தகத்தைத் தங்கச்சியிடமிருந்து வாங்கி, செயினுக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: குயிக் லிங்க் 1, ஹைவேயில் மாட்டிய கூலி. அவர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழுப் பணத்தையும் கொடுத்தார். தம்பி உள்ளே பஞ்சர் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான், இதைப் பார்க்கவில்லை.

அடுத்த பிரவேக்கும் லீவு கேட்டாயிற்று. இந்த முறை மாமாவே கேட்டார். இரண்டு பேருக்கு. தங்கச்சியும் பேர் கொடுக்கிறாளாம். இருட்டிய பிறகு ஹைவேயில் வர வேண்டியிருக்குமே என்று வீட்டில் இன்னும் சம்மதிக்கவில்லை. போன செவ்வாய் நான் போனபோது, அவள் விளக்கு விலைப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, முன் விளக்கு பெரிதாக வாங்குவதா பின் விளக்கு இரண்டாக வாங்குவதா என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி ரெண்டு" என்றார் மாமா.