புறவாசற் செல்வம்

தன் கையே தனக்குதவி என்பது நம் நாட்டார் யாவரும் அறிந்த பழமொழி. அறிந்தோர் பலர், அதன்வழி நிற்போர் சிலர். கல்வி கற்றோராகிய நம்மிடையே, மண்வெட்டியும் கூடையும் படியாதவர்க்கே உரியன என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் தவறென்பதையும், ஒரு குடும்பம் தன் புறவாசலைக்கொண்டே எய்தக்கூடிய நன்மைகள் எவையென்பதையும் திருவேங்கடம் வட்டாரத்தை முன்னிட்டு ஈண்டு ஆராய்வோம்.

தென்காசி மாவட்டம் என்றவுடன் குற்றாலத்து அருவியும் ஆனி ஆடிச் சாரலுமே நம் நினைவிற்கு வரும். அம்மாவட்டத்தின் வடகிழக்கிலுள்ள திருவேங்கடமோ கரிசற்பூமி. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரை மலைச்சாரலிலேயே பெரிதும் பொழிந்துவிடுதலின், இப்பகுதியார் ஐப்பசி கார்த்திகை மழையையே நம்பியிருக்கின்றனர். இத்தகைய ஊரில் இயலுவது எவ்வூரிலும் இயலும் என்பது நம் கருத்து.

முதலாவது, நீர். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 40 சதுர மீட்டர் தளமுள்ள வீட்டின்மேல் ஆண்டில் 600 மில்லிமீட்டர் பெய்யுமாயின், அது 24,000 லிட்டராகும். ஐவர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் போதுமெனக் கொண்டால், 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்றே 100 நாட்கள் தாங்கும், கடுங்கோடை கழிந்துவிடும். முதல் மழையை வெளியே விட்டுவிடுதலும், கொசு புகாதபடி தொட்டியை மூடிவைத்தலும் இன்றியமையாதன. மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. எனினும், நனைந்த கரிசல் மண் நீரை மெல்லவே உள்வாங்குமாதலின், அங்கே உறிஞ்சுகுழியினும் தொட்டியே சிறந்தது.

இரண்டாவது, தோட்டம். பாத்திரம் கழுவிய நீர் தெருவில் ஓடிச் சேறாவதை விடுத்து, வாழைக்கும் முருங்கைக்கும் பாயுமாறு ஒரு வாய்க்கால் வெட்டுதல் அரைநாள் வேலையே. ஆடியில் ஊன்றிய அவரையும் சுரையும் பீர்க்கும் பந்தலேறித் தை மாதம்வரை கறிக்கு உதவும். அடுப்படிக் கழிவும் ஆட்டுப் புழுக்கையும் சருகும் ஒரு குழியில் மக்கினால் விலையில்லா உரமாகும்.

மூன்றாவது, விதையும் தானியமும். துவரை விதையைச் செம்மண் குழம்பில் பிசறிக் காயவைத்து வண்டினின்று காத்தனர் நம் முன்னோர்; தானியத்தினிடையே வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். வீரிய ஒட்டு விதையின் வழிவரும் செடி தாய்ச்செடிபோற் காய்ப்பதில்லை. ஆதலின், நாட்டு விதையை எடுத்துவைப்பவனே மறு ஆண்டு கடைக்காரனிடம் கையேந்தாதிருப்பான்.

இவற்றைக் கேட்டுச் சிலர், "பழைய கிராமங்கள் பொற்காலத்தில் இருந்தனவோ?" என வினவலாம். இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தை மறந்து பழமையைப் புகழ்தல் அறிவுடைமையாகாது. ஒரு வீடு உப்பையும் மருந்தையும் தானே ஆக்கிக்கொள்ளவும் இயலாது. தற்சார்பென்பது அயலாரை விலக்கிவைப்பதன்று. இடர் வருங்கால் சில திங்களேனும் தளராது நிற்கும் ஆற்றலும், மிகுந்ததை அயல்வீட்டிற்கு அளிக்கும் மனமுமேயாம்.

வேறொரு குறையும் உண்டு. தண்ணீர் சுமப்பதும், செடிக்கு ஊற்றுவதும், தானியம் புடைப்பதும் வீட்டுப் பெண்டிர் தலையிலேயே விழுமாயின், அத்தற்சார்பு ஒருவர் உழைப்பில் மற்றவர் வாழும் வாழ்வேயன்றி வேறன்று. ஆடவரும் மாணவரும் பங்கேற்காத தோட்டத்தை நாம் போற்றமாட்டோம்.

தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் கற்றவர். அவர் 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தி, தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். உயர்கல்வி அவரைக் கிராமத்தினின்று பிரிக்கவில்லை, கிராமத்திற்கே கொண்டுசேர்த்தது. கல்வியின் பயன் அதுவன்றோ?

மாணவ நண்பர்களே! நிலமெல்லாம் சீமைக்கருவேல் மண்ட, நாம் பட்டத்தைக் கையிலேந்தி வேலைக்குக் காத்திருத்தல் மட்டுமே வாழ்வாகாது. உத்தியோகம் தேடுக; வேண்டாமென்போமல்லோம். ஆயினும் இவ்விடுமுறையில் ஒரு குழி வெட்டுக. ஒரு முருங்கைக் கொம்பு நடுக. தாயின் கைக்குடத்தை வாங்கி நீரே நீரூற்றுக. பாடநூல் கற்பிக்காத ஒரு பாடத்தை அக்கொம்பு தளிர்க்கும்போது கற்பீர்கள்.